‘ஈ’ எழுத்து இல்லாத தமிழ்ப் பாட்டுகள்

ஆசிரியருக்கு,

வணக்கம். பிள்ளைகள் கையில் இருக்கும் பாட்டு ஆப்களைப் பூட்டிவைப்பது பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரை, ‘எக்ஸ்பிளிசிட் ஃபில்டரை (கெட்ட வார்த்தை, ஆபாசம் என்று குறியிட்ட பாட்டுகளைத் தடுக்கும் வசதியை) ஆன் செய்தால் போதும்’ என்று முடிகிறது. ஆங்கிலப் பாட்டு மட்டுமே கேட்கும் பிள்ளைக்கு அது ஓரளவு சரி. தமிழ்ப் பாட்டும் தமிழ் பாட்காஸ்ட்டும் கேட்கும் பிள்ளைக்கு அந்தப் பூட்டு இருந்தும் இல்லாத கதைதான்.

பாட்டின் பெயருக்குப் பக்கத்தில் சின்னக் கட்டத்துக்குள் தெரிகிற ‘ஈ’ (E) என்ற ஆங்கில எழுத்தை, அதாவது ‘எக்ஸ்பிளிசிட்’ என்பதன் முதல் எழுத்தை வைத்துத்தான் ஃபில்டர் வேலை செய்கிறது. அந்த அடையாளம் முதலில் பாட்டை அனுப்புகிறவரிடமிருந்து வருகிறது. ஆடியோ கம்பெனியோ, தனிப் பாடகர்களுக்காக ஏற்றிக்கொடுக்கும் விநியோகஸ்தரோ பாட்டோடு ஒரு விவரப் பட்டியலையும் அனுப்புகிறார்கள். டிடெக்ஸ் என்ற பொது வடிவத்தில் போகும் அந்தப் பட்டியலில் பெற்றோர் எச்சரிக்கைக்கு என்றே ஒரு கட்டம் உண்டு. ‘எக்ஸ்பிளிசிட்’, ‘எக்ஸ்பிளிசிட் அல்ல’, ‘திருத்தப்பட்ட பதிப்பு’ என்பதோடு ‘தெரியவில்லை’ என்றும் அதில் நிரப்பலாம். ‘தெரியவில்லை’ என்று வரும் பாட்டில் ‘ஈ’ விழாது. ‘ஈ’ விழாத பாட்டு ஃபில்டரைத் தாண்டிப் போய்விடும். அதாவது, நல்ல பாட்டுக்கும் யாரும் கேட்டுப் பார்க்காத பாட்டுக்கும் ஃபில்டர் ஒரே மரியாதைதான் கொடுக்கிறது.

இந்த எழுத்தின் பூர்வீகம் அமெரிக்கா. 1985இல் அங்கே பெற்றோர் அமைப்பு ஒன்று எழுப்பிய குரல் செனட் விசாரணை வரை போனது. இசைத்தட்டுக் கம்பெனிகள் தாங்களாகவே எச்சரிக்கை ஒட்ட ஒப்புக்கொண்டன. இன்று நாம் பார்க்கும் கறுப்பு வெள்ளை எச்சரிக்கைச் சீட்டு 1990இல் ஒரே வடிவத்துக்கு வந்தது. அங்கேயே அது கட்டாயமில்லை. இங்கே பழக்கம்கூட முழுதாக வரவில்லை. தமிழ் ராப் பாட்டில் ஆங்கிலக் கெட்ட வார்த்தை ஒன்று வந்தால் ‘ஈ’ விழ வாய்ப்பு உண்டு. இரட்டை அர்த்தத்திலேயே பல்லவி தொடங்கிச் சரணம் முடியும் குத்துப்பாட்டு சுத்தமாக நிற்கும், ஏனென்றால் அதில் தனியாகப் பிடித்துக் காட்டக் கெட்ட வார்த்தை எதுவும் இல்லை. சாராயத்தைக் கொண்டாடும் பாட்டும் அப்படித்தான்.

தணிக்கை இருக்கிறதே என்று கேட்கலாம். தணிக்கைச் சான்றிதழ் திரையில் ஓடும் படத்துக்குத்தான். படத்தில் ஒலியை அடக்கிய சொல் ஆடியோவில் அப்படியே ஒலிக்கத் தடையில்லை. ஓடிடி தளங்களுக்கான 2021 தகவல் தொழில்நுட்ப விதிகள் யு/ஏ 13+ (13 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் துணையோடு பார்க்க வேண்டியவை) முதல் மேலே உள்ளவற்றுக்குப் பெற்றோர் பூட்டு வேண்டும் என்கின்றன. ஆனால் அது ஒலி-ஒளிப் படைப்புகளுக்கான விதி. பாட்காஸ்ட் என்ற சொல் அந்த வரையறைக்குள் வருகிறது. வெறும் பாட்டைப் பற்றி அங்கே பேச்சே இல்லை.

இனி நடைமுறை. மெனுக்களின் பெயர் பதிப்புக்குப் பதிப்பு மாறும் என்பதால் வழியை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஸ்பாட்டிஃபையில் அமைப்புகளுக்குள் உள்ளடக்கம் பற்றிய பகுதியில் எக்ஸ்பிளிசிட் பாட்டுகளை அனுமதிக்கும் பொத்தான் இருக்கிறது. அணைத்தால் ‘ஈ’ போட்டவை சாம்பல் நிறமாகி ஓடாமல் நிற்கும். தனிநபர் கணக்கில் இந்தப் பொத்தானைப் பூட்ட ரகசிய எண் எதுவும் கிடையாது. பிள்ளை அதே இடத்துக்குப் போய் மறுபடி ஆன் செய்துகொள்ளலாம். குடும்பத் திட்டமாக இருந்தால், திட்டத்தை நிர்வகிப்பவர் இணையதளம் வழியாகத் தன் கணக்குப் பக்கத்தில் நுழைந்து, பிள்ளையின் பெயரைத் தொட்டு அங்கிருந்து அணைக்க வேண்டும். அப்படிச் செய்தால்தான் பிள்ளையால் மாற்ற முடியாது.

ஐபோனில் ‘ஸ்கிரீன் டைம்’ பகுதியில் உள்ளடக்கக் கட்டுப்பாட்டை ஆன் செய்து, இசை, பாட்காஸ்ட் வரிசையில் ‘கிளீன்’ என்று வைக்கலாம். போனைத் திறக்கும் எண்ணையே இதற்கும் வைத்துவிடாதீர்கள். அது பிள்ளைக்கு மனப்பாடமாக இருக்கும். பலர் சறுக்கும் இடம் வேறு. இந்தக் ‘கிளீன்’ ஆப்பிளின் சொந்த ஆப்களை மட்டுமே கட்டுப்படுத்தும். அதே போனில் ஸ்பாட்டிஃபை இருந்தால் அதை இது தொடாது. யூடியூப் மியூசிக்கின் ‘ரெஸ்ட்ரிக்டட் மோட்’ என்ற வடிகட்டி ஒவ்வொரு கருவியிலும் தனித்தனியாகப் போட வேண்டியது. அம்மாவின் போனில் போட்டது வீட்டு டேப்லெட்டுக்கு வராது. கம்பெனி வெளியிட்ட பாட்டுகளோடு யார் யாரோ ஏற்றிய பதிவுகளும் அங்கே கலந்து கிடப்பதால் தமிழுக்கு அதுதான் கடினமான இடம்.

‘ஆட்டோபிளே’ எல்லா வீட்டிலும் மறந்துபோகும் பொத்தான். நீங்கள் போட்டுக்கொடுத்த தாலாட்டுப் பட்டியல் முடிந்ததும் ‘இதுபோல் வேறு’ என்று ஆப் தானாக எடுத்து ஓட்டும். அதே கணக்கில் பெரியவர்களும் கேட்டால் அவர்கள் ரசனையும் பிள்ளையின் வரிசைக்குள் வந்துவிடும். முதலில் இதை அணையுங்கள்.

நேரக் கட்டுப்பாட்டிலும் ஓர் ஓட்டை. ‘தினம் 1 மணி நேரம்’ என்ற ஆப் வரம்பு பெரும்பாலும் ஆப் திரையில் திறந்திருக்கும் நேரத்தைத்தான் எண்ணுகிறது. திரையை அணைத்துவிட்டு இயர்போனில் கேட்பது கணக்கில் வராமல் போகலாம். இரவுக்கு, குறித்த மணிக்கு, நீங்கள் அனுமதித்தவை தவிர மற்ற ஆப்களை மூடும் ‘டவுன்டைம்’ நம்பகமானது. கதை கேட்டபடி தூங்கும் பிள்ளைக்கு ஆப்பிலேயே உள்ள ஸ்லீப் டைமர் போதும்.

பாட்காஸ்ட்டில் எக்ஸ்பிளிசிட் ஆமா இல்லையா என்பதை நடத்துபவரே குறிக்கிறார். தமிழ்ப் பேய்க்கதை, கொலை வழக்குக் கதைகளில் கெட்ட வார்த்தை இருக்காது. ஆகவே குறியும் இருக்காது. 7 வயதுப் பிள்ளையின் தூக்கத்தைக் கெடுப்பது கெட்ட வார்த்தையா, கிணற்றுக்குள்ளிருந்து வரும் குரலா என்பது பெற்றோருக்குத் தெரியும். ஃபில்டருக்குத் தெரியாது.

ஆகவே வடிகட்டுவதை விட்டுவிட்டு, தேர்ந்தெடுத்துக் கொடுப்பதுதான் வழி. 40, 50 பாட்டுகளை நீங்களே முழுசாகக் கேட்டு ஒரு பட்டியல் செய்யுங்கள். பதிவிறக்கிக்கொண்டு, சிம் இல்லாத பழைய போனில் வைஃபையையும் துண்டித்துக் கொடுங்கள். ஸ்பாட்டிஃபையில் பதிவிறக்கிய பாட்டு நிலைக்க 30 நாளுக்கு ஒருமுறையாவது இணையத்தில் இணைய வேண்டும். அன்றைக்கு நீங்கள் பக்கத்தில் இருங்கள். பென்டிரைவ் போடும் சாதா ஸ்பீக்கர் இருக்கிற வீட்டில் இந்தத் தலைவலி எதுவும் இல்லை. தேடல் பெட்டியே இல்லாத கருவியைவிட நல்ல பூட்டு இன்னும் வரவில்லை.

கணக்குத் தொடங்கும்போது பிறந்த ஆண்டை மாற்றி வயதை ஏற்றிப் போடும் பழக்கம் ஆபத்து. இந்தியாவின் 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்டவரைக் குழந்தை என்கிறது. அவர்களைப் பின்தொடர்ந்து குறிவைக்கும் விளம்பரம் கூடாது என்கிறது. 10 வயதுப் பிள்ளையை 25 என்று பதிந்தால் அந்தப் பாதுகாப்பை நாமே கழற்றி வைக்கிறோம்.

ஒலி அளவு பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரையில் பிள்ளைகளுக்கு 75 டெசிபெல் அளவில் வாரம் 40 மணி நேரம்தான் எல்லை. 3 டெசிபெல் கூடினால் நேரம் பாதியாகும்: 78 என்றால் 20 மணி. ஐபோனில் ஹெட்ஃபோன் பாதுகாப்புப் பகுதியில் இந்த எல்லையை 75இல் நிறுத்திவைக்கலாம்.

ஆடியோ கம்பெனிகள் அந்த ஒரு கட்டத்தைத் ‘தெரியவில்லை’ என்று விடாமல் நிரப்பினாலே பாதி வேலை முடியும். அதுவரை, உங்கள் இதழின் பாட்டு விமர்சனப் பக்கத்தில் ஒவ்வொரு பாட்டுக்கும் கீழே எந்த வயதுக்கு என்று ஒரு வரி சேர்க்க முடியுமா?

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சென்னை