அரசூர் பக்கத்துச் சனங்களுக்கு ஒரு முட்டை வண்டிக்காரனோட நன்றி

விழுப்புரம் மாவட்டத்து அரசூர் சுத்துவட்டாரத்து அம்மாக்களுக்கும் அண்ணன் தம்பிகளுக்கும் நாமக்கல்லுல இருந்து வணக்கமுங்க.

2024 டிசம்பர் 2-ஆம் தேதி விடியக்காலம் உங்க ஊருக்கிட்ட வந்து நின்ன முட்டை வண்டி என்னோடதுதான். பேரு கேக்காம சோறு போட்டீங்க. நானும் உங்க பேரைக் கேக்காமயே வந்துட்டேன். அது என் தப்பு. அதனாலதான் ஊருக்கே பொதுவா எழுதறேன்.

மொதல்ல என் மடத்தனத்தைச் சொல்லிடறனுங்க. ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 ராத்திரி புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்துருச்சுன்னு டிவியில சொன்னாங்க. கடந்துருச்சுன்னா முடிஞ்சுதுன்னுதான் எங்கூர்ல நெனப்பு. கடல்காத்தே படாத ஊருங்க எங்களுது. ஞாயித்துக்கிழமை ராத்திரி லோடு ஏத்தி, தார்ப்பாயை இழுத்துக் கட்டி, சேலம், ஆத்தூர் வழியா உளுந்தூர்பேட்டை வந்து சேந்தோம். கரையேறுன புயல் புதுச்சேரிகிட்டயே மணிக்கணக்கா நகராம நின்னதும், அப்புறம் மேக்க வந்து ஊத்தங்கரையில ஒரே நாள்ல 50 செ.மீ. கொட்டுனதும் எனக்கு உறைக்கவே இல்லை. அங்க பேஞ்சதெல்லாம் பாம்பாத்து வழியா தென்பெண்ணையில சேந்து, சாத்தனூர் அணைக்கு வந்து, அன்னைக்கு விடியறதுக்குள்ள நொடிக்கு 1.68 லட்சம் கன அடி தொறந்து விட்டுட்டாங்க. புயல்காத்துக்குப் பயந்து கெடந்த உங்களை, அந்தக் காத்து ஓஞ்சதுக்கு அப்புறம் தண்ணி வந்து புடிச்சிருக்குது. எங்க திக்குல பேஞ்ச மழைதான் உங்க வாசப்படி ஏறுச்சுன்னு நெனச்சா இன்னும் கூச்சமா இருக்குதுங்க.

ரோட்டு மேல தண்ணி முழங்கால் அளவுதான் தெரிஞ்சுது. லாரிதானே, போயிரலாம்னு கியரைப் போட்டேன். அப்ப ஒரு அம்மா, உரச்சாக்கை மழைக்குத் தலையில கொங்காடையாப் போட்டுக்கிட்டு, நடு ரோட்டுல நின்னு ரெண்டு கையையும் விரிச்சாங்க.

"தம்பி, எறக்காத. தண்ணி செவப்பா வருது பாரு."

எனக்கு ஒரே கோவம். உள்ள இருக்கறது முட்டை, நின்னா நட்டம். அவங்க பதிலுக்கு ஒண்ணும் பேசல. சாண் நீளத்துல ஒரு வேப்பங்குச்சியை ஒடிச்சு, தண்ணி வந்து நிக்கற எடத்துல ஊணி வெச்சாங்க. ஒரு பீடி குடிச்சு முடிக்கறதுக்குள்ள குச்சியைக் காணோம். நான் ஒண்ணும் சொல்லாம வண்டியை ரிவர்ஸ் எடுத்தேன்.

கிளீனர் பையன் ரோட்டோரப் பள்ளத்துல சறுக்கி விழுந்தப்ப கயித்தைப் போட்டு இழுத்த தம்பிக்கு நன்றி. அவன் திருச்செங்கோட்டுக்காரன், வீட்டுக்கு ஒரே பையன்; அவங்கம்மா இதைப் படிச்சுட்டு அழுகும், பரவால்ல. டிராக்டர் பேட்டரியில வரிசையா எல்லார் போனுக்கும் சார்ஜ் போட்டுக் குடுத்த அண்ணனுக்கும் நன்றிங்க.

உங்க வீட்டுல இடுப்பளவு தண்ணி நின்னுதுன்னு, நீங்க தங்கியிருந்த பள்ளிக்கூடத்துக்கு நாங்க வந்தப்பதான் தெரிஞ்சுது. அங்க அடுப்பைப் பத்த வெச்சதும் மொதல்ல எங்களைத்தான் கூப்புட்டீங்க. சுடு சோறும் ரசமும். காசு நீட்டுனேன், அந்த அம்மா பாத்த பார்வையில கை தானா சட்டைப் பைக்குள்ள போயிருச்சு. முட்டைக்காரப் பண்ணை அண்ணனுக்குப் போன் போட்டு, கொஞ்சம் எறக்கிக் குடுக்கட்டுமான்னு கேட்டேன். "எண்ணிப் பாக்காத, குடுத்துட்டு வா"ன்னாரு. விலை நாலு பைசா எறங்குனாலே நாள் பூரா பொலம்பற மனுசன் அவரு. அவருக்கும் இங்கயே ஒரு கும்புடு. அன்னைக்குச் சாயங்காலம் அட்டை அட்டையா அவிச்சு, புள்ளைங்க வரிசையில உக்காந்து தோல் உரிச்சதைப் பாத்தேன்.

ஒரே ஒரு பாக்கி. மறுநாள் வழி விட்டதும், ராத்திரிக்கு வேணும்னு அந்த அம்மா சோறு போட்டுக் குடுத்த எவர்சில்வர் போசி என் வண்டியிலயே வந்துருச்சு. அந்தப் பாத்திரத்தை நாங்க போசின்னுதான் சொல்லுவோம், நீங்க என்ன சொல்லுவீங்களோ. அடியில கொஞ்சம் நெளிஞ்சிருக்கும், ஒரு பக்கத்து வளையம் இருக்காது. போசியை வெறுமனே திருப்பித் தரக்கூடாதுன்னு எங்க ஊட்டுல பிலிக்கல்பாளையத்து வெல்லம் போட்டு மூடி வெச்சிருக்காங்க. அடுத்த லோடு வர்றப்ப அதே எடத்துல வண்டியை ஓரங்கட்டி நிக்கறேன். போசி யாரோடதுன்னு தெரிஞ்சவங்க அந்த அம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லி வைங்க.