புட்ரீசியாவைக் காத்த கைகளுக்கு நன்றி

சிட்னி அரச தாவரவியல் பூங்காவின் தோட்டப் பணியாளர்களுக்கும், உடன் நின்ற அனைவருக்கும் வணக்கம்.

2025 ஜனவரி 23 அன்று உங்கள் பூங்காவில், பிணம்போல் நாறும் ராட்சதப் பூவான பிணமலர் விரிந்தது. அங்கே 15 ஆண்டுகளுக்குப் பிறகு பூத்த பூ அது. டிசம்பரில் 25 செ.மீ. மொட்டாக இருந்தது, விரியும்போது 1.6 மீட்டர் உயர்ந்திருந்தது. புட்ரீசியா என்று செல்லப்பெயரும் வைத்தீர்கள்.

சேனைக்கிழங்கு நட்டவர்களுக்கு இது உறவுக்காரச் செடி. இரண்டும் ஒரே பேரினம். கொல்லையில் சேனை பூத்தால் எலி எங்கே செத்துக் கிடக்கிறது என்று தேடுவோமே, அந்த நாற்றத்தின் பெரிய வடிவம்தான் இது.

முதல் பூவுக்குப் பெரும்பாலும் 7 முதல் 10 ஆண்டுகள் ஆகும். அதுவரை ஒரு நேரத்தில் ஒரே ஓர் இலை. மரம்போல நிமிர்ந்து, பிறகு காய்ந்து விழும். இலை விழுந்து கிழங்கு உறங்கும் காலத்தில் தண்ணீரை உறிஞ்ச வேர் இருக்காது. பரிதாபப்பட்டு ஊற்றினால் கிழங்கு அழுகிவிடும். பல நல்ல கிழங்குகள் போனது அப்படித்தான். அந்த மாதங்களில் கையைக் கட்டிக்கொண்டு பொறுத்திருந்தவர்களுக்கு எங்கள் முதல் நன்றி.

நடுத்தண்டைச் சுற்றியிருக்கும் மடலான பாளை பிற்பகலில் விரியத் தொடங்கும். உள்பக்கம் பீட்ரூட் நிறத்தில் மடிப்பு மடிப்பாக இருக்கும். இரவில் நடுத்தண்டு நம் உடம்பளவு சூடாகி, கந்தகச் சேர்மங்களின் நாற்றத்தை விட்டுவிட்டு மேலே அனுப்பும். சுமத்ரா காட்டில் பிணம் தின்னும் வண்டுகளையும் ஈக்களையும் அழைக்கும் வழி அது.

தண்டின் அடியில் பெண் பூக்கள், அவற்றுக்கு மேலே ஆண் பூக்கள். முதல் இரவில் பெண் பூக்கள் தயாராகும். மறுநாள்தான் ஆண் பூக்களிலிருந்து மகரந்தம் இடியாப்ப இழைபோல் மஞ்சளாகப் பிதுங்கும். அதற்குள் பெண் பூக்களின் நேரம் முடிந்திருக்கும். ஆகவே வேறொரு செடியின் மகரந்தம் முன்கூட்டியே கையில் இருக்க வேண்டும். பாளையின் அடியில் சின்ன ஜன்னல் வெட்டி, தூரிகையால் தடவுவார்கள். ஈரம் பட்ட மகரந்தம் வீண். உலர்த்தி உறைகுளிரில் வைத்தால்தான் அடுத்த பூவுக்கு உதவும். இப்படிக் காத்து ஒருவருக்கொருவர் அனுப்பும் பூங்காக்கள் எல்லாவற்றுக்கும் நன்றி. காட்டில் இச்செடி 1,000-க்கும் குறைவு என்ற மதிப்பீடு இருக்கையில், அந்தச் சின்னக் குப்பிகள் எங்களுக்குப் பொன்.

சுமார் 20,000 பேர் நேரில் வந்தார்கள். சிவப்புக் கயிற்றுக்கு வெளியே நின்று, பாளையைத் தொடாமல் பார்த்துப்போன அவர்களுக்கும், வரிசையை நகர்த்திக்கொண்டே இருந்த ஊழியர்களுக்கும் நன்றி.

பூ சாய்ந்தபின் கூட்டம் கலைந்துவிடும், கிழங்கு இருக்கும். அடுத்த இலை வரும்வரை அதைக் கவனிப்பவர்களுக்கு இப்போதே ஒரு நன்றி.

அன்புடன்,
கிழங்குச் செடி வளர்ப்போர்