முக்கால் கிளாஸ் டீக்கும் மாடிப்படி விளக்குக்கும் நன்றி

அன்புடையீர், வணக்கம்.

இந்த மடலில் யார் பெயரும் இருக்காது. குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் (ஏ.ஏ.) கூட்டத்துக்கு யார் வருகிறார்கள் என்பது வெளியே போகக்கூடாது. உதவியவர் பெயரைப் போட்டால், அந்த நூலைப் பிடித்து ஊர் எங்கள் ஆட்களிடம் வந்துவிடும். அதனால் செய்த வேலையைச் சொல்கிறோம், ஆளை நீங்களே தெரிந்துகொள்வீர்கள்.

முதல் நன்றி பள்ளி நிர்வாகத்துக்கு. ஞாயிறு மாலை 7 முதல் 8.30 வரை மாடி வகுப்பறையைத் தருகிறீர்கள், அதற்கு வாடகையும் வாங்கிக்கொள்கிறீர்கள். அந்த வாடகை பெரிய உதவி. வெளியார் நன்கொடை வாங்காமல் தன் செலவைத் தானே பார்த்துக்கொள்வது ஏ.ஏ. மரபு. கூட்டத்தில் சுற்றிவரும் பையில் விழும் பத்து, இருபதில்தான் வாடகை, டீ, புத்தகம் எல்லாம். புதிதாக வருகிறவர் ஒன்றும் போட வேண்டாம். கட்டணம் கிடையாது, கையெழுத்து கிடையாது, குடியை விட வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் போதும். பேனர் கட்டாமல் பக்கவாட்டு கேட்டைத் திறந்து வைத்தீர்கள், படிக்கட்டில் ஒரு பல்பும் போட்டீர்கள். இருட்டுப் படியின் கீழே நின்றுவிட்டுத் திரும்பியவர்கள் உண்டு. தேர்தலுக்காகப் பள்ளியை எடுத்துக்கொண்ட வாரம், வாட்ச்மேன் அண்ணன் கேட்டிலேயே நின்று ஒவ்வொருவரையும் மாற்று இடத்துக்கு அனுப்பினார். பூட்டிய கதவைப் பார்த்த புது ஆள் மறுவாரம் வருவது அபூர்வம்.

அரசு மருத்துவமனை சிஸ்டர் அவர்களுக்கு. கூட்டம் எங்கே என்று கேட்டு வருகிறவரிடம், "கடைசியா எப்போ குடிச்சீங்க? கையை நீட்டுங்க" என்றுதான் தொடங்குகிறீர்கள். தினமும் நிறையக் குடித்தவர் வைராக்கியமாக ஒரே நாளில் நிறுத்தினால் ஆறேழு மணி நேரத்தில் நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்கு இல்லாதது கண்ணில் தெரியும், ஆளைத் தெரியாமல் பிதற்றுவார்கள். உயிருக்கே ஆபத்தான கட்டம் அது. பி1 சத்து வற்றிய உடம்பில் வெறும் குளுக்கோஸை ஏற்றினால் மூளைக்குக் கேடு வரலாம் என்பதால் முதலில் தயமின் (அந்த பி1 சத்துதான்) ஊசி போட வேண்டியிருக்கும். இதற்கெல்லாம் மருத்துவமனைதான் இடம். எங்கள் கூட்டத்தில் நாற்காலியும் பேச்சும் மட்டுமே உண்டு. வார்டிலிருந்து அனுப்பும்போது ஞாயிற்றுக்கிழமையைச் சீட்டில் எழுதிக் கொடுக்கிறீர்களே, அந்தச் சீட்டு சட்டைப்பையில் மடங்கி மடங்கிக் கிழிந்த பிறகும் சிலர் அதைக் காட்டிக்கொண்டு வருகிறார்கள்.

மருந்துக்கடைக்காரருக்கு. "சாம்பார்ல கலந்துடறேன், ஒரு பட்டை டைசல்ஃபிரம் குடுங்க" என்று வீட்டார் கேட்டால் நீங்கள் கொடுப்பதில்லை. குடியை நிறுத்த டாக்டர் தரும் அந்த மாத்திரை உள்ளே இருப்பது தெரியாமல் குடித்தால் முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், வாந்தி வரும், ரத்த அழுத்தம் சரிந்து உயிரும் போகலாம். கடைசி மாத்திரைக்கு இரண்டு வாரம் கழித்தும் இது நடக்கக்கூடும். ஆல்கஹால் கலந்த இருமல் சிரப்கூட ஆகாது. டாக்டர் சொல்லி, சாப்பிடுகிறவர் தெரிந்து சம்மதித்துத்தான் சாப்பிட வேண்டும்.

டீக்கடை அண்ணனுக்கு. வழி கேட்பவரிடம் "மாடிக்குத்தானே? சைடு கேட்" என்று கல்லாவிலிருந்து தலை தூக்காமல் சொல்வீர்கள். வேறு கேள்வி கிடையாது. கை நடுங்குகிறவருக்குக் கிளாஸை முக்கால் மட்டும் நிரப்பி, சர்க்கரை தூக்கலாகப் போட்டுக் கொடுப்பதைப் பார்த்திருக்கிறோம். தளும்பினால் கூச்சப்பட்டு வைத்துவிட்டுப் போய்விடுவார் என்பது உங்களுக்கு எப்படித் தெரிந்ததோ!

கூட்டங்களின் பட்டியலைத் திருத்திவரும் தம்பிக்கு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு எண்ணையும் அழைத்து நாள், நேரம், எந்தக் கதவு என்று சரிபார்க்கிறாய். எல்லோரும் வரலாமா, குடிநோயாளிகளுக்கு மட்டுமா என்றும் குறித்தாய். அதைப் பார்க்காமல் அண்ணனோடு வந்த தங்கை வெளியே நிற்க நேர்ந்ததுண்டு. நம் பட்டியலில் இல்லாத ஊர்க்காரருக்கு போதை மீட்பு உதவி எண் 14446ஐயும், மனசு உடைந்து பேசுகிறவருக்கு அரசின் மனநல உதவியான டெலி மானஸின் 14416 எண்ணையும் தருகிறாய். 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் குடியை விட்டுச் சில மாதமே ஆன பில் என்பவர் ஓட்டல் முன்கூடத்தில் நின்றார். ஒரு பக்கம் மதுக்கூடம், மறுபக்கம் தொலைபேசி. தேவாலயப் பட்டியலில் ஒரு பெயரைப் பிடித்து, அங்கிருந்து ஒவ்வொரு எண்ணாகச் சுழற்றியதில்தான், குடியால் தவித்துக்கொண்டிருந்த டாக்டர் பாபிடம் போய்ச் சேர்ந்தார், ஏ.ஏ. பிறந்தது. நீ எடுக்கும் போனும் அந்த வகைதான், தம்பி.

குடிப்பவர்களின் வீட்டாருக்கான அல்-அனான் குழு அக்காமார்களுக்கு. வீட்டுக்காரர் வராவிட்டாலும் மனைவி தனியாக வரலாம் என்று வீடுவீடாகச் சொன்னவர்கள் நீங்கள். இழுத்துக்கொண்டு வராதீர்கள், போதையில் இருக்கும்போது பேசாதீர்கள், காலையில் தலைவலியோடு உட்கார்ந்திருக்கும்போது ஒருமுறை சொல்லுங்கள் என்று நீங்கள் சொல்லிக் கொடுத்ததை நாங்களும் சொல்லிவருகிறோம். குடிக்கும் பெண்கள் வர இன்னும் தயங்குகிறார்கள். ஆண்கள் நிறைந்த அறையில் அவர்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்த இரண்டு பேருக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும்.

டீக்கடைப் பாக்கி 140 ரூபாய் இருக்கிறது, அண்ணே. ஞாயிறு தருகிறோம்.

இப்படிக்கு,
ஞாயிறு மாலைக் குழுவினர்