உன் கொல்லையில் முளைத்த பழங்கள்

அன்புள்ள நண்பா,

உன் கடிதமும் படங்களும் கிடைத்தன. வீடு மாறிய களைப்பிலும் கொல்லையைச் சுற்றிவந்து செடி செடியாகப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறாய், ரொம்ப சந்தோஷம். இங்கே எல்லோரும் சுகம். மூட்டு அறுவை சிகிச்சைக்குப் பிறகு இப்போது கைத்தடி இல்லாமலே நடக்கிறேன். மகளுக்கு வேலை மாற்றல் கிடைத்து பக்கத்திலேயே வந்துவிட்டாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இதில் எதைப் பேத்திக்குக் கொடுக்கலாம் என்று கேட்டிருந்தாய். நீ அனுப்பியதில் முக்கால்வாசி பழத்தின் படங்கள்தான். பழத்தை மட்டும் வைத்துக்கொண்டு நான் எதையும் சொல்ல மாட்டேன். நிறம் நன்றாகவே ஏமாற்றும். மணத்தக்காளியே சில செடியில் கறுப்பாகப் பழுக்கும், சிலதில் ஆரஞ்சுச் சிவப்பாகப் பழுக்கும். பூ, காம்பு, இலை, பழத்தின் அடியில் இருக்கும் புல்லிதழ் எல்லாம் பார்த்த பிறகுதான் பழத்துக்கு வரவேண்டும்.

முதல் படத்தில் இருப்பது மணத்தக்காளி என்றே நினைக்கிறேன். ஓரத்தில் தப்பித்தவறி ஒரு பூவும் விழுந்திருக்கிறது: வெள்ளையாக ஐந்து இதழ், பின்பக்கம் மடங்கி, நடுவில் மஞ்சள் மகரந்தப் பைகள் ஒட்டி நிற்கின்றன. பழங்கள் சின்னக் காம்புகளில் கொத்தாகத் தொங்குகின்றன. பெல்லடோனா என்ற கொடிய விஷச்செடியின் பழமும் இதே போலப் பளபளக்கும் கறுப்புதான். ஆனால் அது கொத்தாக வராது, ஒவ்வொன்றாகத்தான் காய்க்கும். பூ மணி வடிவத்தில் மங்கிய ஊதாவாக இருக்கும். பழத்தைத் திருப்பிக் காம்புப் பக்கம் பார்த்தால் அகலமான ஐந்து பச்சைப் புல்லிதழ்கள் நட்சத்திரம் மாதிரி விரிந்திருக்கும். மணத்தக்காளியில் அந்த இடத்தில் இருப்பது மிகச் சிறியது, பழத்தைத் தாண்டி வெளியே தெரியாது. ஒரு பழத்தைப் பறித்துத் திருப்பிப் பார்த்துவிட்டு எழுது. அது மணத்தக்காளியேதான் என்றாலும் பச்சைக் காயைக் குழந்தை வாயில் போட விடாதே. அதில் சொலனின் என்ற நச்சுப் பொருள் இருக்கலாம், வேகவைத்தாலும் சரியாகப் போகாது.

காகிதக் கூட்டுக்குள் பழம் இருப்பது சொடக்குத் தக்காளி. இதிலும் பச்சைக் காய் கூடாது. கூடு காய்ந்து தானாகக் கீழே விழும்வரை பொறு. உள்ளே பழம் மஞ்சளாகியிருக்க வேண்டும். கூட்டை எறிந்துவிடு. வேலியில் படர்ந்திருக்கும் கொடியில் பழத்தைச் சுற்றி வலை பின்னியது போல் இருக்கிறது பார், அது சிறுபூனைக்காலி. இலையைக் கசக்கினால் ஒரு மாதிரி வாடை வரும். நன்றாக மஞ்சளாகப் பழுத்ததைச் சாப்பிடலாம், காய் வேண்டாம்.

நான்காவது படம்தான் எனக்குக் கவலை. சிவப்பில் கறுப்புப் புள்ளி வைத்த அது பழமே அல்ல, வெடித்த காயிலிருந்து எட்டிப்பார்க்கும் குன்றிமணி விதை. அதிலுள்ள ஏப்ரின் மிகக் கடுமையான விஷம். தோல் கெட்டியாக இருப்பதால் முழுசாக விழுங்கினால் அப்படியே வெளியேறிவிடவும் கூடும். கடித்தாலோ துளை போட்டாலோ குழந்தையின் உயிருக்கே ஆபத்து. கையுறை போட்டுக்கொண்டு அந்தக் கொடியை வேரோடு எடுத்துவிடு. தரையில் சிதறிய விதைகளையும் பொறுக்கிவிடு. யாராவது எதையாவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதே. அந்தச் செடியின் ஒரு கிளையோடு உடனே மருத்துவமனைக்குப் போ.

மைனா சாப்பிடுகிறதே, நாமும் சாப்பிடலாம்தானே என்று எழுதியிருந்தாய். இதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். பறவையின் வயிறு வேறு, நம் வயிறு வேறு. அவை விழுங்கும் பல பழங்கள் நமக்கு விஷம். கொஞ்சம் கடித்துப் பார்த்துத் துப்பும் பழக்கமும் வேண்டாம். போனில் செடியின் பெயர் சொல்லும் செயலி இருக்கிறதல்லவா, தேடத் தொடங்க அது உதவும். அது சொன்னதை மட்டும் நம்பி வாயில் வைக்காதே. முன்பு அங்கே பூச்சிமருந்து அடித்தார்களா என்று பழைய வீட்டுக்காரரிடம் கேட்டுவிடு. அடித்திருந்தால் எந்தச் செடியாக இருந்தாலும் இந்தப் பருவம் பறிக்காதே.

ஐந்தாவது படத்தில் கருநீலப் பழம் மட்டும்தான் தெரிகிறது. பூத்ததும் பூவை முன்னும் பின்னும் எடு. இலை தண்டில் எதிரெதிராக இருக்கிறதா, மாறி மாறி இருக்கிறதா, கிள்ளினால் பால் வருகிறதா என்றும் எழுது. பால் வந்தால் கையைக் கழுவிவிடு, கண்ணைத் தொடாதே. அதுவரை பேத்தியை அந்தப் பக்கம் விடாதே. அடுத்த மாதம் மகளோடு வரலாம் என்று இருக்கிறேன். வந்தால் ஒரு பகல் முழுக்க உன் கொல்லையில்தான். வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்