கல்திட்டுக்கு இனிக் குவாட் இல்லை: எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். சுற்றி வளைக்காமல் முடிவை முதலில் சொல்லிவிடுகிறோம். இந்த சீசனிலிருந்து எங்கள் கடையில் வாடகைக்கு எடுக்கும் குவாட்டையோ (கரடுமுரடான தரையில் ஓட்டும் நாலு சில்லு மோட்டார் வண்டி) சைட்-பை-சைட்டையோ (அருகருகே இருந்து போகும் அதன் பெரிய வகை) ஃபிரேசர் ஆற்றுக் கல்திட்டுகளில் ஓட்டக் கூடாது. வெடர், ஹரிசன் ஆறுகளின் படுகையிலும், அவற்றில் வந்து விழும் ஓடைகளிலும் இறக்கக் கூடாது. வாடகைப் பத்திரத்தில் இது எழுத்தில் இருக்கும். மீறினால் முற்பணம் திரும்பக் கிடைக்காது. வண்டி ஆற்றுக்குள் புதைந்துவிட்டது, இழுக்க வாருங்கள் என்று கோல் எடுத்தால் வருவோம். எண்ணெய் கசிகிற இயந்திரத்தைத் தண்ணீருக்குள் விட்டுவைப்பது அதைவிடக் கேடு. ஆனால் அப்படி இழுத்து எடுத்தவருக்கு மறுபடி வண்டி தரமாட்டோம்.

தூண்டில் சாமானும் குவாட்டும் ஒரே கூரையின் கீழ் வைத்திருக்கிற கடை இது. சனிக்கிழமை விடிய ஒருவர் வந்து றொட், றீல், மிதவை எல்லாம் வாங்கி, அப்படியே குவாட்டையும் ட்ரெய்லரில் ஏற்றிக்கொண்டு சில்லிவாக் பக்கத்துக் கல்திட்டுக்குப் போவது எங்களுக்கு நல்ல வியாபாரம். அதை வேண்டாம் என்கிறோம் என்றால் ஏன் என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்க உரிமையும் உண்டு. அதனால்தான் இந்த நீண்ட கடிதம்.

நாம் 'பார்' என்று சொல்கிற கல்திட்டு எப்படி வந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். ஃபிரேசர் 1,370 கிலோமீற்றருக்கு மேல் ஓடுகிற ஆறு. ஹோப் என்ற ஊர் வரைக்கும் மலை இடுக்கில் நெருக்குப்பட்டு, பாய்ந்து வருகிறது. ஹோப்பைத் தாண்டியதும் பள்ளத்தாக்கு விரிகிறது, சரிவு குறைகிறது, வேகம் விழுகிறது. அதுவரை உருட்டிக்கொண்டு வந்த கல்லை ஆறு சுமக்க முடியாமல் போட்டுவிடுகிறது. ஹோப்புக்கும் மிஷனுக்கும் இடையில் தீவு தீவாகக் கூழாங்கல் கிடப்பது இப்படித்தான். ஜூனில் பனி உருகி வெள்ளம் வரும்போது இவற்றில் பெரும்பகுதி தண்ணீருக்கு அடியில். குளிர்காலம் முடிகிற நேரம் ஆறு வற்றி, கால்பந்து மைதானம் போல வெளியே வந்துவிடும். அந்த நேரத்தில்தான் பிக்கப்பும் குவாட்டும் இறங்குகின்றன. யாருக்கும் சொந்தமில்லாத வெறும் கல்தானே என்று பார்த்தால் தோன்றும்.

வெறும் கல் இல்லை. இந்தப் பகுதியில் பிங்க், சம் என்ற இரண்டு வகைச் சமன் (salmon) மீன்களும் ஆற்றின் நடுவிலும் பக்க வாய்க்கால்களிலும் முட்டை இடுகின்றன. பிங்க் இங்கே ஒற்றைப்படை ஆண்டுகளில் மட்டும் வரும், செப்ரெம்பர், ஒக்ரோபரில் முட்டை இடும். பெண் மீன் பக்கவாட்டில் படுத்து, வாலால் கல்லை அடித்துக் குழி பறிக்கும். முட்டையைப் போட்டு, ஆண் மீன் விந்தைச் சொரிந்ததும், ஆற்றில் சற்று மேல்நோக்கிப் போய் இன்னொரு குழி பறித்து, அந்தக் கல்லாலேயே முதல் குழியை மூடும். முட்டைகள் ஏறக்குறைய ஓர் அடி ஆழம் வரை கல்லுக்குள் போய்விடும். ஒரு பிங்க் மீன் இடுவது 1,500 முதல் 2,000 முட்டை. சினூக் என்ற பெரிய சமன் வகை என்றால் 4,000, 5,000கூட இருக்கும்.

இதற்குப் பிறகு நடப்பதுதான் பலருக்குத் தெரியாத கதை. முட்டை கருவுற்ற ஒரு நாள், இரண்டு நாளில் இருந்து, அதற்குள் குஞ்சின் இரண்டு கண்களும் கறுப்புப் புள்ளியாகத் தெரியும் நாள் வரை, அது ஆட்டம் தாங்காது. தண்ணீர் 8 பாகை செல்சியஸ் அளவில் இருந்தால் இந்தக் காலம் ஒரு மாதமோ அதற்கு மேலோ நீளும். மீன்குஞ்சு வளர்ப்பு நிலையங்களில் அந்த நாட்களில் முட்டைத் தட்டுகளைத் தொடவே மாட்டார்கள். கண் தெரிந்த பிறகு அதே முட்டையை ஒரு வாளியிலிருந்து இன்னொரு வாளிக்கு வேண்டுமென்றே கொட்டிக் குலுக்குவார்கள். செத்தது வெள்ளையாகிவிடும், பொறுக்கி எடுக்கலாம். தொடவே பயப்படுகிற அந்த முட்டைக்கு மேலேதான் சைட்-பை-சைட் ஓடுகிறது. ஆளோடும் சாமானோடும் அது 800 கிலோவைத் தாண்டும்.

சரி, தண்ணீருக்குள் நாங்கள் ஓட்டுவதில்லையே, காய்ந்த கல்லில்தானே ஓட்டுகிறோம் என்று சிலர் சொல்வார்கள். ஒக்ரோபரில் முட்டை இடும்போது அங்கே முழங்கால் அளவு தண்ணீர் ஓடியிருக்கும். பெப்ரவரியில் அதே இடம் விரல் அளவு நீரோடோ, மேலே பார்க்கக் காய்ந்தோ கிடக்கலாம். கல்லின் இடுக்கு வழியே கீழே நீர் ஓடிக்கொண்டே இருக்கும் வரை உள்ளே உயிர் இருக்கும். முட்டை பொரித்து, வயிற்றில் மஞ்சட்கருப் பையைச் சுமந்துகொண்டு குஞ்சுகள் கல்லுக்குள்ளேயே ஒளிந்திருக்கிற காலம் அது. சில்லு ஏறினால் அந்தக் கல் இறுகும். இடுக்கில் மண் இறங்கினால் நீரோட்டம் நிற்கும், நீர் கொண்டுவரும் ஒட்சிசனும் நிற்கும். மேலே வர வழியில்லாமல் உள்ளேயே அடைபட்டு மூச்சுமுட்டிச் சாகும். நாற்றுமேடையில் மாட்டை விட்டு ஓட்டிவிட்டு, நெல்லைத் தான் மிதிக்கவில்லை என்று சொல்கிற கதைதான் இது.

மார்ச்சில் தொடங்கி மே வரை குஞ்சுகள் கல்லை விட்டு வெளியே வரும். அப்போது வேறொரு பிரச்சினை. பிங்க், சம் குஞ்சுகள் கடலை நோக்கி உடனே கிளம்பிவிடும். சினூக் குஞ்சுகள் கரையோரத்து ஆழமில்லாத தண்ணீரில் தங்கி, தின்று வளரும். அந்த ஓரங்களில்தான் சில்லுத் தடங்கள் இருக்கின்றன. ஆறு கொஞ்சம் ஏறினால் தடத்துக்குள் தண்ணீர் வரும், அதோடு குஞ்சும் வரும். ஆறு இறங்கினால் தடம் தனிக் குட்டையாகிவிடும். திரும்பிப் போக வழியில்லை. வெயில் ஏறினால் சூடாகும், இல்லாவிட்டால் கொக்கு வந்துவிடும். கில் றோட் பக்கத்துக் கல்திட்டில் வசந்தகாலத்தில் ஒருமுறை நடந்து போய், தடங்களில் தேங்கிய தண்ணீரைக் குனிந்து பாருங்கள். இரண்டு அங்குல நீளத்தில், உடம்பின் பக்கங்களில் வரிகளோடு நீந்தும் குஞ்சுதான் உங்கள் தூண்டிலுக்கு நான்கு வருடம் கழித்து வரவேண்டிய மீன்.

ஓடைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. கோஹோ என்ற இன்னொரு சமன் வகையின் குஞ்சு ஒரு வருடத்துக்கு மேல் நன்னீரில் இருக்கும், அதுவும் சின்னச் சின்ன ஓடைகளில்தான். கரையை வெட்டிக்கொண்டு குவாட் இறங்குகிற இடத்தில் புல்லும் வேரும் போய்விடும். அடுத்த மழைக்கு அந்தச் சரிவு முழுக்கச் சேறாக ஓடைக்குள் இறங்கும். ஓட்டியவர் அப்போது வீட்டில் தேநீர் குடித்துக்கொண்டிருப்பார்.

ரயர் விற்கிற நாங்கள் இன்னொன்றைச் சொல்லாமல் விடக் கூடாது. அமெரிக்காவின் சியாட்டில் பக்கத்து ஓடைகளில் மழை பெய்த கையோடு கோஹோக்கள் ஏன் செத்து மிதக்கின்றன என்று நீண்ட காலம் தேடினார்கள். 2020 டிசம்பரில் விடை வந்தது. ரயரில் வெடிப்பு விழாமல் இருக்க றப்பரில் சேர்க்கும் 6பிபிடி என்ற பொருள் காற்றில் உள்ள ஓசோனோடு சேர்ந்து வேறொரு நச்சுப் பொருளாக மாறுகிறது, அது சில மணி நேரத்தில் கோஹோவைக் கொன்றுவிடும். இது பெரும்பாலும் நகரத்து றோட்டுகளில் இருந்து வடியும் மழைநீரின் பிரச்சினை. கல்திட்டில் ஓடும் நாலு குவாட்டின் மேல் அந்தப் பழியைப் போடவில்லை. ஆனாலும் தேய்கிற ரயரை மீன் வளர்கிற தண்ணீருக்குள் நேராகவே கொண்டுபோய் இறக்குவதற்கு எந்த நியாயமும் எங்களுக்குத் தெரியவில்லை.

இந்த முடிவைக் கடையில் வாய்ச்சொல்லாகச் சொன்ன நாளிலிருந்து வந்த பதில்கள் கொஞ்சமல்ல. அதிகம் கேட்டது, "பெரிய கம்பனிகள் செய்வதை விட்டுவிட்டு எங்களைப் பிடிக்கிறீர்கள்" என்பதுதான். அதில் உண்மை இல்லாமல் இல்லை. 2006 வசந்தத்தில் சில்லிவாக் அருகே பிக் பாரில் கல் அள்ளுவதற்காகப் போட்ட தற்காலிகப் பாதை ஒரு வாய்க்காலின் தண்ணீரை மறித்ததில், கல்லுக்குள் இருந்த பிங்க் குஞ்சுகள் லட்சக்கணக்கில் செத்தன. (2018இல் மலை சரிந்து மீன் ஏறும் வழியை அடைத்த பிக் பார் வேறு, அது ஆற்றின் மேற்பகுதியில், லிலுவட்டுக்கும் வடக்கே.) ஆனால் அந்தச் சம்பவம் காட்டுவது என்ன? வெளியே தெரியும் கல்லுக்குள் எவ்வளவு உயிர் இருக்கிறது என்பதைத்தான். கம்பனியைக் கேள்வி கேட்கிற நாம் அதே கல்லில் வட்டம் அடித்து விளையாடினால், நம் கேள்விக்கு என்ன மதிப்பு?

அடுத்தது, "சமன் குறைவதற்குக் கடல் சூடாவது காரணம், மீன் வளர்ப்புப் பண்ணை காரணம், நான் ஓட்டுவதாலா?" என்ற கேள்வி. 2009இல் ஃபிரேசரின் சொக்காய் (sockeye) வகைச் சமன் எதிர்பார்த்ததில் ஒரு சிறு பங்கு மட்டுமே திரும்பி வந்தபோது நீதிபதி புரூஸ் கோஹன் தலைமையில் விசாரணை ஆணையம் அமைத்தார்கள். 2012இல் வந்த அறிக்கை ஒரே ஒரு குற்றவாளியைக் காட்டவில்லை. பல சுமைகள் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறியதைத்தான் காட்டியது, 75 பரிந்துரைகளைத் தந்தது. கடலைக் குளிர வைக்க எங்கள் கடையால் ஏலாது. சாவியை யாரிடம் கொடுப்பது என்பது எங்கள் கையில் இருக்கிறது.

மனதைத் தொட்ட முறைப்பாடு ஒன்றுதான். முழங்கால் ஏலாத ஐயாமார் சிலர், குவாட் இல்லாவிட்டால் தங்களால் தண்ணீருக்குக் கிட்டப் போகவே முடியாது என்றார்கள். அவர்களுக்காகச் சொல்கிறோம்: வெடர் ஆற்றங்கரையில் றோட்டரி நடைபாதை சமதரை, காரை நிறுத்திவிட்டு ஆறுதலாக நடந்தே நல்ல இடங்களுக்குப் போகலாம். ஃபிரேசரில்தான் பிடிக்க வேண்டும் என்றால் சில்லிவாக்கில் ஐலண்ட் 22 பூங்காவில் படகு இறக்கும் துறை இருக்கிறது. படகில் போய் இறங்கினால் கல்லில் சில்லு படவேண்டிய அவசியமே இல்லை. சாமான் கனம் என்பவர்களுக்கு, கையால் இழுக்கும் தடித்த சில்லு வண்டில் வாங்கி வைத்திருக்கிறோம். தூண்டில் சாமான் வாங்குபவர்களுக்கு அதற்கு வாடகை இல்லை, மாலையில் திருப்பித் தந்தால் போதும்.

ஓட்டுவதற்காகவே குவாட் எடுக்கிற பெடியளுக்கு நாங்கள் எதிரிகள் இல்லை. வெடர் மலையில் மோட்டார் வண்டிகளுக்கென்று அடையாளமிட்ட பாதைகள் இருக்கின்றன. பாலம் போட்ட இடத்தில் பாலத்தால் கடவுங்கள். பாலம் இல்லாத ஓடை வந்தால் திரும்புங்கள். எந்தப் பாதை திறந்திருக்கிறது என்று எடுக்கிற அன்று எங்களிடம் கேட்டால் சொல்லுவோம்.

சட்டம் பற்றிச் சுருக்கமாக. மீன் வாழும் இடத்தைக் கெடுப்பது கனடாவின் மீன்வளச் சட்டத்தின் 35ஆம் பிரிவின்படி குற்றம். இடையில் தளர்த்தப்பட்டிருந்த அந்தப் பாதுகாப்பு 2019 திருத்தத்தில் திரும்ப வந்துவிட்டது. மாகாண அரசின் காணியில் சேறு கிளறி ஓட்டிச் சேதம் செய்தால் மாகாணத்தின் வன, மேய்ச்சல் நில நடைமுறைகள் சட்டத்தின் (Forest and Range Practices Act) 46ஆம் பிரிவு பாயும். ரிக்கெற் 575 டொலர். நீதிமன்றத்துக்குப் போனால் 100,000 டொலர் வரைக்கும், ஒரு வருடச் சிறை வரைக்கும் போகலாம். சொந்தக் குவாட் வைத்திருப்பவர்களே, அரசுக் காணியில் ஓட்ட வண்டியைப் பதிந்து இலக்கத் தகடு மாட்டியிருக்க வேண்டும், 2015 நவம்பரில் இருந்து இது கட்டாயம். 'கவனிக்கவில்லை அண்ணை' என்பது அதிகாரியிடம் எடுபடாது.

நடந்து போகிறவர்களும் கொஞ்சம் பார்த்துக் கால் வையுங்கள். ஆழம் குறைந்த ஓட்டத்தில், சுற்றிலும் பாசி பிடித்த கல் இருக்க, நடுவில் மட்டும் கழுவி வைத்ததுபோல வெளிறின நீள்வட்டம் தெரிந்தால் அது முட்டைக் குழி. நீர் ஓடிப் போகும் திசையில் அதன் ஓரத்தில் கல் சற்று மேடாக இருக்கும், முட்டை இருப்பது அந்த மேட்டுக்குள்தான். சுற்றிப் போங்கள். பூட்ஸ் காலும் முட்டையை நசுக்கும். வெடரில் ஒக்ரோபர், நவம்பரில் இதைக் கவனிக்காமல் நடுவாற்றில் வரிசையாக நிற்கிறவர்களைப் பார்க்கும்போது, குவாட் ஓட்டுகிறவர்களை மட்டும் திட்டுவது சரியில்லை என்று எங்களுக்கே தோன்றுகிறது.

ஏற்கெனவே கல்திட்டுக்கென்று குவாட் பதிவு செய்தவர்கள் மூன்றில் ஒன்றைத் தெரிவு செய்யலாம்: மலைப் பாதைக்கு மாற்றிக்கொள்ளலாம், அதே தொகைக்குத் தூண்டில் சாமான் எடுக்கலாம், அல்லது முற்பணத்தை முழுவதும் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். காரணம் கேட்கமாட்டோம். பற்றுச்சீட்டைக் கொண்டு வாருங்கள், தொலைந்துவிட்டால் பதிந்த தொலைபேசி இலக்கம் போதும். திங்கட்கிழமை கடை பூட்டு. மற்ற நாட்களில் காலை 6 மணிக்கே திறந்திருப்போம்.

இப்படிக்கு,
உங்கள் தூண்டில், குவாட் கடையினர்
சில்லிவாக், பிரிட்டிஷ் கொலம்பியா