உறைபனிக்கு முன்பே தொட்டிகளை உள்ளே எடுங்கள்

நண்பர்களே, இரவு வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கத் தொடங்கியதும் செம்பருத்தி, காகிதப்பூ, எலுமிச்சைத் தொட்டிகளை உள்ளே எடுத்துவிடுங்கள். உறைபனி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். இலைக்குள் இருக்கும் நீர் உறைந்தால் திசுவே சிதைந்துவிடும். தொட்டியில் வேரைச் சுற்றி மண் கொஞ்சம்தான், அதனால் தரைச்செடியைவிட இதற்கு ஆபத்து அதிகம்.

எடுக்கும் முன் இலையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். மாவுப்பூச்சி உள்ளே வந்தால் மற்ற செடிகளுக்கும் பரவும்.

அப்புறம் தண்ணீர். நான் அதிகம் கவலைப்படுவது இதற்குத்தான். குளிரில் வேர் மெதுவாகவே உறிஞ்சும், ஈரம் தேங்கினால் அழுகிவிடும். விரலை விட்டுப் பார்த்து, மேல்மண் காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். உரம் இப்போது வேண்டாம். வெளிச்சம் குறைவதால் சில இலைகள் உதிரும், பயப்படாதீர்கள்.

கனமான தொட்டியைத் தனியாகத் தூக்க முடியாதவர்கள் இங்கே சொல்லுங்கள், வந்து உதவுகிறேன்.