முதலில் கரை, பிறகு ஹோட்டல்

ரோஸ் ஹில், மொரீஷியஸ்

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்த அன்று வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை, மகள் படிப்பை முடித்துவிட்டாள், ஆகஸ்டில் நீங்கள் நால்வரும் இங்கே வருகிறீர்கள். சிதம்பரத்தில் ஒரே அறையில் இருந்தபோதிருந்து நான் கேட்டுக்கொண்டிருந்தது இதைத்தானே! நான் பள்ளியிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். சனிக்கிழமை மட்டும் கோவிலில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். அதனால் உங்களோடு சுற்ற எனக்கு நேரம் நிறைய உண்டு.

சரி, ஹோட்டல் விஷயம். கிழக்கே கான்ஸ்டன்ஸ் பெல் மார் பிளாஜ், மேற்கே ஃப்ளிக் ஆன் ஃப்ளாக் பக்கம் லா பிரோக், இரண்டில் எது என்று கேட்டிருக்கிறாய். இரண்டும் நல்ல பெயர் உள்ளவைதான். ஆனால் நட்சத்திரத்தையும் படங்களையும் வைத்து முடிவு செய்யாதே. இந்தத் தீவில் முதலில் கரையைத் தேர்ந்தெடுக்க வேண்டும், ஹோட்டல் அப்புறம்தான்.

இங்கே மே முதல் செப்டம்பர் வரை குளிர்காலம். தென்கிழக்குக் காற்று அப்போதுதான் பலமாக அடிக்கும், அது நேராக வந்து மோதுவது கிழக்குக் கரையில். பெல் மாரின் வெண்மணலும் நீரின் நிறமும் தீவிலேயே மிக அழகானவை என்று நானே சொல்வேன். டிசம்பரில் வருவதாக இருந்தால் அங்கேதான் போகச் சொல்லியிருப்பேன். ஆகஸ்டில் அங்கே கணுக்கால் உயரத்துக்கு மணல் பறந்து வந்து சுருக்கென்று குத்தும், விரித்த துண்டு நிற்காது. சூரியனும் பின்பக்கம் தீவுக்குள் இறங்குவதால் மாலையில் கரை சீக்கிரம் குளிர்ந்துவிடும். திருச்சி வெயிலில் இருந்து வரும் அம்மாவை அங்கே உட்காரவைக்க எனக்கு மனமில்லை. அந்த ஹோட்டலின் பெருமையே இரண்டு கோல்ஃப் மைதானங்கள்தான், உங்களில் யாரும் கோல்ஃப் ஆடுவதில்லை.

மேற்கில் நடுத்தீவின் மலைகள் காற்றைத் தடுத்துவிடுகின்றன. கடல் குளம் மாதிரி அமைதியாக இருக்கும், சூரியன் ஆறு மணி வாக்கில் நேராகக் கடலுக்குள் இறங்கும். லா பிரோக் 1976இல் திறந்தது. கூரை வேய்ந்த தனித்தனி வீடுகள், படியேற்றம் கிடையாது, வாசலில் இறங்கினால் தோட்டம், தாண்டினால் மணல். அம்மாவின் முழங்காலுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? பக்கத்திலேயே இருக்கும் மரதிவாவில் ஒவ்வொரு வில்லாவுக்கும் தனி நீச்சல் குளம் உண்டு. ஆனால் கடல் பத்தடியில் இருக்கும்போது அதற்குக் கூடுதல் பணம் கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

தென்மேற்கு மூலையில் லெ மோர்ன் மலையடியிலும் பெரிய ஹோட்டல்கள் உண்டு. அங்கே ஒரு பக்கம் காற்று சுழன்று அடிக்கும். காற்றாடி கட்டிக் கடலில் சறுக்குகிறவர்கள் அதற்காகவே அங்கே வருகிறார்கள். தங்க வேண்டாம், ஒரு நாள் நானே கூட்டிப் போகிறேன். தப்பி ஓடிய அடிமைகள் ஒளிந்து வாழ்ந்த மலை அது, 2008இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. உன் மகள் அதை அவசியம் பார்க்க வேண்டும்.

இன்னொன்று. "தனிக் கடற்கரை" என்று எந்த முகவராவது சொன்னால் நம்பாதே. கடல் ஏறி வரும் கோடு வரைக்கும் உள்ள மணல் இங்கே எல்லோருக்கும் பொது. அதற்கு மேலே குறைந்தது 81 மீட்டர் அகலத்துக்குக் கரையோர நிலம் அரசாங்கத்துடையது. ஹோட்டல்கள் பெரும்பாலும் அதைக் குத்தகைக்கு எடுத்துத்தான் கட்டியிருக்கின்றன. அப்படியும் எங்கள் ஜனங்கள் குடும்பத்தோடு உட்காரும் இடம் வருடத்துக்கு வருடம் சுருங்கி வருகிறது. அது என்னை மிகவும் வருத்துகிறது. ஃப்ளிக் ஆன் ஃப்ளாக்கில் பொதுக் கடற்கரை இன்னும் நீளமாகவே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஹோட்டலை விட்டு அங்கே வாருங்கள். சவுக்கு மரங்களின் கீழே பிரியாணி அண்டா இறங்கும், ஆட்டுத்தோல் கட்டிய ராவான் என்ற மேளத்தைத் தீயில் காய்ச்சி எடுத்துத் தட்டத் தொடங்குவார்கள், கிழவிகள்கூட எழுந்து எங்கள் சேகா நடனம் ஆடுவார்கள். நான் பிறந்த ஊர் எப்படிப்பட்டது என்று உனக்குக் காட்ட வேண்டுமென்றால் அங்கேதான் காட்டுவேன்.

பதிவு செய்யும்போது ஹாஃப் போர்டு கேள். காலை உணவும் இரவுச் சாப்பாடும் அதில் அடங்கும். பகலில் நாம் வெளியே டால் பூரி சாப்பிட்டுக்கொள்ளலாம். அம்மா சைவம் என்பதை முன்கூட்டியே எழுதிவிடு. நால்வருக்கும் ரப்பர் செருப்பு வாங்கி வா, அந்தப் பக்கம் பவளத் துண்டும் கடல் முள்ளெலியும் காலைக் கிழித்துவிடும். மாலைக்கு ஆளுக்கொரு ஸ்வெட்டரும் வேண்டும்.

ஒரு நாள் மதியம் எங்கள் வீட்டில் வாழையிலை போட்டு ஏழு கறிச் சாப்பாடு. அம்மா வெங்காயம் பூண்டு சேர்த்துக்கொள்வார்களா என்று என் மனைவி கேட்கிறாள். தேதியோடு அதையும் எழுது.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்